சாமான்கள் குடியிருந்த பேட்டை

ஹாம்பர்க் என்ற ஜெர்மன் பட்டணத்துக்கு நான் போனதில்லை. மலாயாவில் வடக்கே தைப்பிங் வரைக்கும் போயிருக்கிறேன், தெற்கே ஹுத்தான் மெலிந்தாங். அவ்வளவுதான் நான் பார்த்த உலகம். ஆனால் அந்தப் பட்டணத்தில் ஆற்றையொட்டி இருக்கும் ஒரு பேட்டையில் என் கண்ணைக் கட்டி விட்டாலும் வழி தவறாமல் நடந்து வெளியே வந்துவிடுவேன். முதல் பாலம் தாண்டினால் காப்பிக்கொட்டை வாசனை. இரண்டாவது பாலத்தில் மிளகு, தும்மல் வரும். மூன்றாவது பாலத்துக்கு அப்பால் மாட்டுத்தோல், மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதையடுத்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் ஊர் ரப்பர் ஷீட். இதையெல்லாம் அந்த ஊர்மேல் ஆசைப்பட்டு நான் மனப்பாடம் செய்யவில்லை. சொன்ன மனிதர் பொய்யரா என்று கண்டுபிடிக்க என் வீட்டார் என்னை ஏவிவிட்டிருந்தார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். சிம்பாங் பூலாயிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் உள்ளே போனால், ஒரு சுண்ணாம்பு மலையின் அடியில் எங்கள் ரப்பர் தோட்டம். ஓடையை ஒட்டி ஐந்து வரிசை லயம், கூலிக்காரர் வீடுகள். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு சாக்கடை ஓடி ஓடையில் விழும். மழை நாளில் அது பொங்கி வாசற்படி ஏறும். நாங்கள் பிள்ளைகள் அதில் தேங்காய்ச் சிரட்டை விட்டு விளையாடுவோம். இரண்டாவது வரிசையில் மூன்றாவது வீடு எங்களுடையது. அப்பாவுக்குப் புகைக்கூடத்தில் வேலை, ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைப்பது. அம்மாவும் அத்தையும் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போவார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவளுக்கென்று ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வருவதாகப் பேச்சு. அந்த மாப்பிள்ளை கப்பல் ஏறாமலே நின்றுவிட்டதால் இருபத்து மூன்று வயதாகியும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அந்த வயதுப் பெண்ணை லயத்தில் 'பால் வத்துன மரம்' என்பார்கள். அத்தை காதுபடவே சொல்வார்கள்.

அந்த வருஷம் ஸ்டோரில் ஷீட் உருட்டும் இயந்திரத்துக்கு ஓர் ஆள் வந்தார். கப்பலில் பாய்லருக்குக் கரி தள்ளியவர். வந்த மூன்றாம் மாதம் அப்பாவிடம் அத்தையைப் பெண் கேட்டார். அன்றிலிருந்து அவர் எனக்குக் கப்பல்கார மாமா. மற்றவர்களுக்கு எம்டன்.

நான் பிறப்பதற்கு முன்பு, பெரிய சண்டை நடந்தபோது, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து சுட்டுவிட்டுப் போனது. கப்பல் போய்விட்டது, பேர் மட்டும் தோட்டத்துக்குள் வந்து தங்கிவிட்டது. ஆடு திருடினவன் எம்டன். கணக்கெழுதும் கிராணி கண்ணில் படாமல் மரத்தடியில் தூங்கினவன் எம்டன். அப்படியிருக்க, ஜெர்மன் கப்பலிலேயே வேலை பார்த்து, சண்டைக் காலம் முழுவதும் அந்த நாட்டிலேயே இருந்துவிட்டு வந்த ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவரிடம் சந்தேகப்பட நிறைய இருந்தது. முதலாவது, அவர் கள்ளுக்கடைக்குப் போவதில்லை. "கப்பல்ல இருந்தவன் குடிக்க மாட்டானாம். குடிச்சா எதையோ ஒளறிருவோமுன்னு பயம்" என்றார் கங்காணி. இரண்டாவது, சொந்த ஊரைக் கேட்டால் "நாகப்பட்டணம் பக்கம்" என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார். ஹாம்பர்க்கைக் கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவார். மூன்றாவது அப்பாவின் சொந்தச் சந்தேகம். மாமா முதல் நாள் புகைக்கூடத்து வாசலில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தாராம். "திருட வந்த நாய் கணக்கா மோப்பம் புடிக்கிறான்டி" என்று அம்மாவிடம் சொன்னார். பின்னால் மாமாவிடமே அதைக் கேட்டபோது, "இந்த வாசனைய நான் ஹாம்பர்க்லயே மோந்திருக்கேன் மச்சான். எங்கேயிருந்து வருதுன்னு இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அப்பாவுக்கு அந்தப் பதிலைவிட அதில் இருந்த 'மச்சான்'தான் உறுத்தியது. பெண்ணே கொடுக்கவில்லை, அதற்குள் மச்சானா?

அம்மா தன் ஆயுசில் யாரையும் நேராகப் பொய்யன் என்று சொன்னதில்லை. "அவுக பேச்சுல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்பாள். மாமாவின் பேச்சில் உப்பு எவ்வளவு என்று பார்க்க ஒரு வழியும் அவள்தான் கண்டுபிடித்தாள். பொய் சொல்கிறவனுக்குப் போன வாரம் சொன்னது இந்த வாரம் நினைவிருக்காது. ஆகவே அவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. சொன்னதை அப்படியே பிடித்து வைக்க ஓர் ஆள் போடுவது. ஆள் நான்தான். விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில் கிராணி கூப்பிடும் பெயர்களை வரிசை மாறாமல் முழுவதும் ஒப்பிக்கிறவள் என்று லயத்தில் எனக்கு ஒரு பேர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் ரப்பர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். நான் பக்கத்தில் அரிசி புடைக்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். முதல் வாரமே அவர் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். "என்னா சின்னக் கிராணி, பேரு எழுத வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

சண்டைக்கு முந்தின வருஷம் அவருடைய கப்பல் ஹாம்பர்க்கில் பாய்லர் பழுதாகி மாதக்கணக்காக நின்றுவிட்டது. சும்மா இருந்தவர்களைக் கரையில் சாமான் ஏற்றி இறக்க அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு ஜெர்மன் பாஷையில் ஏதோ பெயர் சொன்னார். எங்கள் வாயில் நுழையவில்லை. சரக்குக் கிட்டங்கிகள் நிறைந்ததால் கிட்டங்கிப்பேட்டை என்று அவரே பெயர் வைத்தார். செங்கல் கட்டடங்கள், ஒவ்வொன்றும் ஆறேழு மாடி, தோளோடு தோள் உரசிக்கொண்டு வரிசையாக நிற்கும். கூரையில் செம்புத் தகடு பச்சை பூத்துக் கிடக்கும். கூரை முனையிலிருந்து ஒரு கொக்கி தொங்கும். ஒவ்வொரு மாடியிலும் வெளியே திறக்கிற கதவு உண்டு. கதவைத் திறந்து காலை வைத்தால் நேரே தண்ணீர்தான். ஏனென்றால் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே தெரு கிடையாது, கால்வாய். படகு சுவரோரம் வந்து நிற்கும், கொக்கி இறங்கும், மூட்டை வானத்தில் ஏறும். ஒரு நாளில் இரண்டு தடவை கடல் தண்ணீர் உள்ளே வரும், இரண்டு தடவை வற்றும். வற்றினால் படகெல்லாம் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். மொத்தப் பேட்டையும் சேற்றில் அடித்த மரக்கட்டைகளின்மேல் நிற்கிறது.

"வீட்டுக்கு நடுவுல கப்பலு போவுதாக்கும்" என்றாள் அம்மா, முறத்தைத் தட்டிக்கொண்டே.

"சின்னக் கப்பல்க்கா. படகுன்னு வச்சுக்க."

"போன வாரம் கப்பலுன்னுதானே சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "படகுன்னுதான் சொன்னாரு" என்றேன். நியாயம் நியாயம்தானே.

அவரை எங்களால் நம்பவே முடியாமல் போனது வேறொரு விஷயத்தில். அந்தப் பேட்டையில் ஒரு மனிதர்கூடக் குடியில்லை என்றார். சமையல் கிடையாது, துணி காயாது, பிள்ளை அழாது. சாயங்காலம் மணி அடித்தால் வேலையாட்கள் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். காவல்காரன் மடி, பை, செருப்பு எல்லாம் தடவிப் பார்த்து வெளியே அனுப்புவான். காவல்காரனும் பூட்டிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் உள்ளே காப்பியும் மிளகும் ஜமுக்காளமும்தான். முன்பு அங்கே மனிதர்கள் குடியிருந்தார்களாம். ஆயிரக்கணக்கான குடும்பம். துறைமுகத்துச் சரக்குக்கு இடம் வேண்டுமென்று எல்லாரையும் கிளப்பிவிட்டு, வீடுகளை இடித்துவிட்டு, சாமான்களுக்கு வீடு கட்டினார்களாம். பேட்டை வாசலில் கஞ்சி விற்கும் ஒரு பெண்பிள்ளை அவரிடம் சொன்னாளாம். அவள் பிறந்ததே உள்ளேதான். அவளுடைய அம்மா சமைத்த இடத்தில் இப்போது மிளகு மூட்டை.

அன்று கங்காணியும் வந்திருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் பாவாடையில் தெறித்தது.

"ஏம்ப்பா எம்டன், சாமானுக்கு வீடு கட்ட ஆள வெரட்டுவானா? ஆளு இல்லாட்டி அந்தச் சாமான எவன் தூக்குவான்? அவுங்க அப்பனா?"

"வெளியேருந்து வருவாங்க அண்ணே, தெனமும்."

"நான் பத்து வருசமா ஆளு புடிச்சுக் கொண்டாந்து எறக்குறேன். ஒருத்தன் ஓடிட்டா தொர என்னா குதி குதிப்பாரு தெரியுமா? ஆள ஓட விடாம வச்சிருக்கிறவன்தான் வெள்ளக்காரன். போன்னு சொல்ற வெள்ளக்காரன நான் பாத்ததே இல்லலா."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். எங்களுக்குத் தெரிந்த வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி ஆள் அனுப்பி மனிதர்களைக் கொண்டுவந்தார்கள். தப்பித்து அடுத்த தோட்டத்துக்குப் போனவனைத் தேடிப் பிடித்தார்கள். மனிதர்கள் வேண்டாம் என்று சொல்லும் துரை இருக்க முடியும் என்பது தண்ணீரில் தெரு இருப்பதைவிடப் பெரிய பொய்யாக இருந்தது.

அப்பா விடாமல் யாழ்ப்பாணத்துக் கிராணியிடமும் விசாரித்தார். அவரிடம் பூகோளப் புத்தகம் ஒன்று இருந்தது. "ஹாம்பர்க் எண்டு ஒரு பட்டணம் இருக்குதுதான். ஆனா அங்க வீட்டுக்கு நடுவால வள்ளம் போகுதோ எண்டு இதில போடேல்ல" என்றார். பட்டணம் இருப்பது மாமாவுக்குச் சாதகம். புத்தகத்தில் பேட்டை இல்லாதது பாதகம். அப்பா பாதகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நாலு ஞாயிறு, ஐந்து ஞாயிறு போயிற்று. பாலம் மாறவில்லை, வாசனை மாறவில்லை. கஞ்சிக்காரியின் இடது கண்ணுக்குக் கீழே இருந்த மரு கூட இடம் மாறவில்லை. நான் ஒவ்வொரு வாரமும் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா யோசித்தாள். "ஒரு சொல்லு மாறல பாத்தியா? மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு" என்றாள். மாறினால் பொய், மாறாவிட்டால் மனப்பாடம். அந்த மனிதர் தப்பிக்க எங்கள் வீட்டில் வாசலே வைக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் இன்னோர் இடத்திலும் ஒப்பித்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. மரம் வெட்டும்போது, பால் வடியும் மங்குகளைத் துடைக்க அத்தை என்னையும் அழைத்துப் போவாள். "சொல்லு, நேத்து என்னா சொன்னாரு?" என்பாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை தன் பாட்டுக்குப் பட்டையைச் சீவும். கொஞ்ச நாளில் மர வரிசைகளுக்கே பெயர் வைத்துவிட்டாள். "இந்த நெறை முடிஞ்சா காப்பிக் கிட்டங்கி முடியும். அடுத்த நெற மொளகு. பாப்பா, தும்மு!" நான் தும்முவேன். அத்தை சிரிப்பாள். பால் வத்துன மரம் என்று சொன்னவர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆடி மாதத்தில் என்று நினைவு, தோட்டத்துக்கு இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். கூடச் சீனர்கள் நாலைந்து பேர். லயத்துக்குப் பின்னால் இரும்புச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். அங்கங்கே முளைக்குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டினார்கள். ஓடைக்கரையில் நீளக் குழாயை மண்ணுக்குள் இறக்கி, வந்த மண்ணை மரத்தட்டில் போட்டு அலசி அலசிப் பார்த்தார்கள். லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது என்று கங்காணி அறிவித்தார். பெண்கள் குலவை போடாத குறைதான். அதுவரை ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தவர்கள் நாங்கள். சங்கிலியின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் கேட்டபோது அப்பா முதல் ஆளாகப் போனார். வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரர் காலி சிகரெட் டின் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அதில் அம்மா கடுகு போட்டு வைத்தாள்.

மாமா ஸ்டோரிலிருந்து வந்து அந்த மரத்தட்டைச் சற்று நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சீனரிடம் மலாயில் ஏதோ கேட்டார். அந்த ஆள் தட்டை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வாரம் வந்தபோது அவர் பெட்டியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "மச்சான், இவங்க தண்ணி தேடுற மாதிரி தெரியல" என்றார்.

"பின்ன என்னாத்தத் தேடுறாங்க?"

"மண்ணுல இருக்கிற ஈயத்த."

அப்பா சிகரெட் டின்னைப் பார்த்தார். ஈயம் தோண்டுவது சீனர்களின் வேலை, காம்பார் பக்கத்து வேலை. பால்மரம் நிற்கிற இடத்தில் யார் தோண்டுவார்கள்? இந்த ஆள் எதற்காகத் தண்ணீர் வருவதைத் தடுக்கப் பார்க்கிறான்?

அன்றுதான் மாமா, யாரும் கேட்காமலே, கஞ்சிக்காரியின் கதையை இன்னொரு தடவை சொன்னார். முதலில் சங்கிலிக்காரர்கள் வந்தார்களாம். குச்சி நட்டார்களாம். புதுத் தெரு போடப்போகிறார்கள் என்று சனங்கள் சந்தோஷப்பட்டார்களாம். கஞ்சிக்காரியின் அப்பாவே சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தாராம். அப்போது அவளுக்கு வயது ஒன்பதாம். அடுத்த வருஷம் வீடு இல்லை.

சொல்லும்போது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தனை வாரம் காத்திருந்தது கிடைத்துவிட்டது. அவர் தலை மறைந்ததும் உள்ளே ஓடினேன். "அம்மா, அம்மா! சங்கிலி புதுசு! குச்சி புதுசு! அந்தம்மா அப்பா பத்தி இதுக்கு முன்ன ஒரு வார்த்த சொன்னதில்ல!"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அப்பா என் தலையில் கை வைத்து, "பாத்தியா, என் புள்ளகிட்ட மாட்டிக்கிட்டான்" என்றார். அவர் என்னை அப்படித் தொட்டது அதற்கு முன் எனக்கு நினைவில்லை. அத்தை அடுப்பண்டை உட்கார்ந்திருந்தாள். ஊதுகுழலைக் கையில் வைத்திருந்தாள், ஊதவில்லை.

ஒரு பொய் கிடைத்தால் போதாது, கையெழுத்தாகவும் வேண்டும் என்றார் கங்காணி. மறுநாள் என்னை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். அந்தப் பேட்டையை வரைந்து காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். மாமா இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும், "வீட்ல கேக்கச் சொன்னாங்களா?" என்றார். நான் தலையை ஆட்டவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் ரப்பர் பெட்டி மூடி ஒன்றை எடுத்து, கரித்துண்டால் வரைய ஆரம்பித்தார். ஐந்து வரிசை. நடுவே கால்வாய்கள். ஒரு பக்கம் ஆறு. சின்னப் பாலங்கள். இரண்டாவது வரிசையில் ஒரு பெருக்கல் குறி. "இதான் அந்தக் கஞ்சிக்காரி ஆத்தா சமைச்ச எடம்" என்றார். கடைசியாகப் பேட்டையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்தார். "இதெல்லாம் முளைக்குச்சி. ஒங்கப்பாகிட்ட காட்டு."

பலகையை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தேன். என் பாவாடையெல்லாம் கரி.

வாசலில் அப்பாவும் கங்காணியும் குனிந்து பார்த்தார்கள். பிறகு கங்காணி விரலை வைத்தார். "இது அஞ்சு வரிசை. எடையில சாக்கடை லோங்காங். இந்தா ஓட. இது நம்ம லயம்லா!"

அப்பா பலகையைத் திருப்பிப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் அது எங்கள் லயமாகத்தான் இருந்தது. பாலங்கள்கூட நாங்கள் சாக்கடைமேல் போட்டிருந்த பலகைகளாகிவிட்டன. பெருக்கல் குறி எங்கள் அடுப்படியில் விழுந்தது. புள்ளிகள் அன்று நட்ட முளைக்குச்சிகள்.

"ரெண்டாவது வரிசை மூணாவது வீடு. ஒன் வீட்டுக்கு ஏன் குறி போட்டிருக்கான்?" கங்காணியின் குரல் இறங்கியிருந்தது. "தோட்டத்துக்குப் பிளான் எழுதுறான். அவன் யாருக்கு எழுதுவான், சொல்லு? பழைய ஜெர்மன் எசமானுக்குத்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. இது எந்த எடம்?"

கதவு நிலையில் அத்தை நின்றாள். காப்பிக் கிட்டங்கி எது, மிளகுக் கிட்டங்கி எது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கல்யாணம் பேசியிருக்கும் பெண் அந்த இடத்தில் வாய் திறக்க முடியாது. என் வாயைத்தான் பார்த்தாள். எனக்கும் தெரியும். முதல் பாலம், இரண்டாவது பாலம், தும்மல் எல்லாம் தெரியும். ஆனால் பெரியவர்கள் மூன்று பேர் என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். பலகையைப் பார்த்தேன். எனக்கும் அது எங்கள் லயமாகவே தெரிந்தது.

"நம்ம லயம்தான்" என்றேன்.

கங்காணி பலகையோடு துரை பங்களாவுக்குப் போனார். மறுநாள் பெரட்டில் மாமாவின் பெயர் கூப்பிடப்படவில்லை. உச்சிவெயிலுக்குள் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. போலீசில் கொடுக்காமல் விட்டது துரையின் பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு செம்மண் பாதையில் போனபோது நான் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பக்கம் ஒளிந்து நின்றேன். கண்டுபிடித்துவிட்டார். பெட்டியை இறக்கினார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"என்னா சின்னக் கிராணி, நான் புதுசா சொன்னத நீதான் கண்டுபுடிச்சியாமே?"

நான் பாவாடையில் ஒட்டியிருந்த கரியைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"கெட்டிக்காரி. பழசெல்லாம் மறந்தாலும் அத மட்டும் மறந்துராத. அப்பாகிட்ட சொல்லு, இனிமே சங்கிலி புடிக்கப் போவேணாம்னு. அத்தகிட்ட..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். "வாரேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஒற்றர்கள் போகிறபோதும் செய்தி சொல்லிவிட்டுப் போவார்கள் என்று கங்காணி சொல்லியிருந்தார். அத்தைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல என்னிடம் பாதி வார்த்தைதான் இருந்தது. அடுத்த நாள் மரம் வெட்டப் போனபோது, மிளகு நிறைக்கு வந்ததும் நானாகத் தும்மினேன். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. "மங்கத் தொட" என்றாள்.

குழாய்த் தண்ணீர் வரவில்லை. அடுத்த வருஷ மழைக்கு முன்னால் தோட்டம் கைமாறிவிட்டது என்றார்கள். மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஐந்து வரிசைக் குடும்பங்களும் ஆளுக்கொரு திசையில் போயின. கங்காணியும் தன் வெற்றிலைப் பெட்டியோடு எங்கேயோ போனார். போகச் சொல்லும் வெள்ளைக்காரனை அவர் பார்த்துவிட்டார். எங்களுக்கு ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் இடம் கிடைத்தது. அம்மா அந்த சிகரெட் டின்னை மறக்காமல் எடுத்துவந்தாள். அப்பா அதைத் தன் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொன்னார். அத்தைக்கு அங்கே மனைவியை இழந்த ஒருவரோடு கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார்.

எனக்கும் கல்யாணமாகி ஒரு பிள்ளை பிறந்த பிறகு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்காக அத்தையும் நானும் காம்பாரிலிருந்து ஈப்போவுக்குப் பஸ்ஸில் போனோம். சிம்பாங் பூலாய்க்குக் கிட்டத்தில் பஸ் டயர் வெடித்து நின்றது. இறங்கினோம். தூரத்தில் ஓயாமல் இரும்பு அரைபடும் சத்தம். மேட்டில் ஏறிப் பார்த்தோம். எங்கள் மலை அதே இடத்தில் சுண்ணாம்பு நிறத்தில் நின்றது. மலைக்குக் கீழே மரம் இல்லை, லயம் இல்லை, ஓடை இல்லை. கண்ணுக்கெட்டியவரை கலங்கின தண்ணீர். தண்ணீரின் நடுவே ஆறேழு மாடி உயரத்துக்கு ஒரு கப்பல் நின்றது. சங்கிலியில் கோத்த வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, அடியில் இருந்த மண்ணை அள்ளி அள்ளிக் கப்பலின் வாயில் போட்டுக்கொண்டிருந்தன. ஈயக்கப்பல் என்றார் பஸ்காரர். கடலே பார்க்காத கப்பல் அது. நின்ற இடத்திலேயே தோண்டித் தோண்டித் தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே உண்டாக்கிக்கொள்ளுமாம்.

அத்தை மலையைப் பார்த்தாள், பிறகு தண்ணீரைப் பார்த்தாள். விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எதையோ எண்ணினாள். கப்பல் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் இடதுபக்கமாக விரல் நின்றது.

"நம்ம அடுப்படி" என்றாள்.

பஸ்ஸுக்குத் திரும்பி நடக்கும்போது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, கேட்டாள்: "மொத பாலம் தாண்டுனா என்னா வாசன பாப்பா?"

சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ரப்பர் ஷீட் இருந்த மூன்றாம் மாடி வரைக்கும் கூடவே வந்தாள்.

"அந்தச் சங்கிலிக்காரங்க?" என்று கேட்டாள்.

அதையும் சொன்னேன். அத்தை, "அது நெசமா அந்தப் பொம்பள சொன்னதா, இல்ல நமக்காக இவரு சேத்ததா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. வாரக்கணக்காக ஒரு சொல் மாறாமல் பேசிய மனிதர், நான் பிடித்துவிடுவேன் என்று நன்றாகத் தெரிந்தே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றைச் சேர்த்தார். அது பொய்யா என்று மட்டும்தான் எனக்குப் பார்க்கத் தெரிந்தது. ஏன் சேர்த்தார் என்று கேட்க வேண்டும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை.